கால் சுற்று

அத்தியாயம் 6

வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ஹீட்டர் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்று வாரமாகச் சொட்டுகிறது. அடியில் மரைக்கே ஒரு காபிக் கோப்பையை வைத்திருந்தாள். மணிக்கு ஒரு தடவை எழுந்து போய் அதை ஜன்னலுக்கு வெளியே கவிழ்ப்பாள். கீழே இருக்கும் பேக்கரிக்காரர் இரண்டு தடவை மேலே வந்து சண்டை போட்டுவிட்டார்.

புதன்கிழமை காலை எட்டு மணி. வந்திருந்த பெண் நாலு நிமிடமாக எதுவும் பேசவில்லை. ஐம்பது வயதைத் தாண்டியவள். சாம்பல் நிற வேலை உடுப்பு. ஜாக்கெட்டின் முதுகில் 'ஹென்ஸ்லர் - ஹீட்டர், குழாய் வேலைகள்' என்று எழுதியிருந்தது. பெயர் ஹைட்ரூன்.

வோல்க்மார் தீலன் அவசரப்படவில்லை. பதினாறு வருடம் காப்பீட்டு நிறுவனங்களுக்காகப் பொய்களைத் தேடிவிட்டு, இப்போது தனியார் துப்பறிவாளராகச் சொந்தமாகத் தேடுகிறவர். பேசாமல் உட்கார்ந்திருப்பது அவருக்குப் பிடிக்கும். அவருடைய உதவியாளர் மரைக்கேவுக்கு அது மூச்சு முட்டும்.

"காபி வேணுமா மேடம்? இந்த அறையில ரெண்டு கோப்பைதான் இருக்கு. ஒண்ணு ஹீட்டருக்கு," என்றாள்.

ஹைட்ரூன் சிரிக்கவில்லை.

"என் புருஷன்தான் என் பையனைக் கொன்னாரான்னு எனக்குத் தெரியணும்," என்றாள்.

மரைக்கே கோப்பையை மேசையில் வைத்தாள்.

"போலீஸ் என்ன சொல்லுது?" என்று கேட்டார் தீலன்.

"பையனோட கார்ல ஆயில் கூலர் நட் லூஸா இருந்துச்சாம். அதை மாட்டினது ஓட்மார், என் புருஷன். அவரும் ஆமாங்கறார். இன்னைக்குப் பன்னண்டு மணிக்கு எதிர் ஸ்டேஷன்ல வாக்குமூலத்துல கையெழுத்துப் போடப் போறார்."

"அவரே ஒத்துக்கிட்டப்புறம் நான் எதுக்கு?"

"இருபத்தேழு வருஷமா ஒரு ஸ்க்ரூவைக்கூட அவர் அரைகுறையா விட்டதில்ல. வீட்டைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பார்க்கிற ஆளு." அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "அவர்தான்னா நான் வேனை எடுத்துட்டுத் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். இல்லைன்னா அவரோட ஒரே மேசையில உக்காந்து சாப்பிடணும். பதினோரு நாளா ரெண்டும் முடியல. பன்னண்டுக்குள்ள சொல்லுங்க."

"நட் லூஸா இருந்ததுன்னு நீங்க நம்பறீங்களா?"

"நம்பறது என்ன. தெரியும்."

"எப்படி?"

அவள் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். கால்சட்டையின் தொடைப்பையிலிருந்து சிவப்புப் பிடி போட்ட சின்ன பைப் ரெஞ்ச் ஒன்றை எடுத்தாள். மண்டியிட்டு, பித்தளை நட்டைக் கவ்வி, ஒரு திருப்பு.

சொட்டு நின்றது.

"சொட்டுச்சுன்னா கால் சுத்து. அவ்வளவுதான்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மரைக்கே கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். "மூணு வாரமா இதுக்கு நான் ஆயா வேலை பார்த்தேன் பாஸ். அந்தம்மா மூணு செகண்டுல குணப்படுத்திட்டுப் போறாங்க."

தீலன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. எப்படித் தெரியும்?

* * *

விபத்தான கார்களை இழுத்துவந்து நிறுத்தும் யார்டு ஊருக்கு வெளியே, காட்டை ஒட்டி இருந்தது. ஐஃபெல் மலையின் ஏப்ரல் மழை, பெய்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. மரங்களுக்கு அப்பால் 'ரிங்' என்ற கார்ப் பந்தயத் தடத்திலிருந்து எஞ்சின்களின் உறுமல் வந்தது. காசு கட்டினால் யாரும் தன் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்ற நாட்களில் அந்தச் சத்தம் சாயங்காலம் வரை நிற்காது.

பதினோரு நாளுக்கு முன், ஒரு சனிக்கிழமை, யோரிஸ் ஹென்ஸ்லரும் அப்படித்தான் போனான். இருபத்து நாலு வயது. இரண்டு பேர் உட்காரும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மூன்றாவது சுற்றில், இறக்கத்து வளைவில், எண்ணெய் பீய்ச்சி முன்சக்கரத்தில் அடித்தது. வண்டி திரும்ப மறுத்தது. ஓரத்துத் தடுப்பு இரும்பு விலக மறுத்தது. யோரிஸ் அங்கேயே இறந்தான்.

தார்ப்பாயை விலக்கினார் தீலன். மரைக்கே ஒரு கணம் வேறு பக்கம் பார்த்தாள்.

வண்டியின் இடப்பக்கம் மடங்கிப் போயிருந்தது. முகப்பு ஏறக்குறைய முழுசாக இருந்தது. முகப்பு வலைக்குப் பின்னால், பள்ளிக்கூட நோட்டு அளவில், வரிவரியாக ஒரு கறுப்புத் தட்டு. அதுதான் ஆயில் கூலர். எஞ்சினிலிருந்து இரண்டு குழாய்கள் அதற்கு வந்தன. கொதிக்கும் எண்ணெய் ஒன்றில் வந்து, காற்று வாங்கி, மற்றதில் திரும்பிப் போகும். மலைப்பாதையில் விரட்டுகிறவர்கள் தங்கள் கையாலேயே மாட்டிக்கொள்ளும் சாமான். குழாய்கள் வந்து சேரும் இடத்தில், தட்டில் இரண்டு கழுத்துகள். ஒவ்வொரு கழுத்திலும் ஒரு நீல நட். ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு.

"இது எதுக்கு பாஸ்? அழகுக்கா?"

"இறுக்கி முடிச்சதும் நட்டுலேருந்து கழுத்து வரைக்கும் ஒரே கோடா இழுப்பாங்க. நட் அசைஞ்சா கோடு உடையும். தூரத்துலேருந்தே தெரியும்."

மேல் நட்டில் கோடு நேராக இருந்தது. கீழ் நட்டில் உடைந்திருந்தது. கழுத்தின் மஞ்சள் ஓரிடத்தில், நட்டின் மஞ்சள் வேறிடத்தில்.

மரைக்கே போலீஸ் அமர்த்திய நிபுணரின் அறிக்கை நகலைப் பிரித்தாள். "'வண்ணக் கோடு விலகியுள்ளது. எனவே நட் தளர்ந்துள்ளது.' கீழே ஒரு போட்டோ. நேர்ல வந்து பார்த்த மாதிரி தெரியல. மழைன்னு வீட்டுலயே இருந்துட்டாரு போல."

தீலன் வெகுநேரம் குனிந்தே இருந்தார். பிறகு கையை நீட்டினார்.

"உன் பிளாஸ்க்கைக் குடு. லிப்ஸ்டிக்கையும்."

"பாஸ், இந்தக் கலர் உங்களுக்கு எடுபடாது."

அவர் பிளாஸ்க்கின் மூடியை இறுக்கி மூடினார். மூடி அவளைப் பார்க்கும்படி பிளாஸ்க்கைச் சாய்த்துப் பிடித்து, மேற்புறத்தில் மூடியிலிருந்து உடம்பு வரை லிப்ஸ்டிக்கால் ஒரு கோடு இழுத்தார்.

"இப்ப திற."

அவள் திருகினாள். மூடியின் கோடு இடப்பக்கம் போனது.

"மூடு. கோட்டைத் தாண்டி இன்னும் இறுக்கு."

மூடியின் கோடு வலப்பக்கம் போனது. மரைக்கே பிளாஸ்க்கைப் பார்த்தாள். நட்டைப் பார்த்தாள். நட்டின் மஞ்சள், கழுத்தின் மஞ்சளுக்கு வலப்பக்கம் கால் வட்டம் தள்ளி நின்றது.

"லூஸாகல," என்றாள் மெதுவாக. "யாரோ இறுக்கியிருக்காங்க." உடனே விரலை நீட்டினாள். "இருங்க. இடப்பக்கமா முக்கால் சுத்து கழண்டிருந்தாலும் கோடு இதே இடத்துலதானே வந்து நிக்கும்?"

"முக்கால் சுத்து கழண்ட நட் கையில ஆடும். ஆட்டிப் பாரு."

இரண்டு கையாலும் முயன்றாள். அது கல் போல இருந்தது.

"அப்போ எண்ணெய் எங்கேருந்து வந்துச்சு?"

தீலன் விரல் நுனியால் நட்டுக்குப் பின்னால் தடவினார். கழுத்து தட்டோடு சேரும் இடத்தில், முடி அளவு விரிசல் ஒன்று பாதி வட்டம் ஓடியிருந்தது. யாரோ இறுக்கியபோது கழுத்தும் சேர்ந்து முறுகியிருக்கிறது. சாதாரண ஓட்டத்தில் தெரிந்திருக்காது. கொதிக்கும் எண்ணெயின் அழுத்தத்தில் திறந்துகொண்டது.

நட்டின் நீலப் பூச்சில் வேறொன்றும் இருந்தது. கடித்த தடங்கள். ஐந்து பல், ஒரு இடைவெளி, மறுபடி மூன்று பல். தீலன் பேக்கரி ரசீதின் பின்பக்கத்தை அதன் மேல் அழுத்திப் பென்சிலால் தேய்த்தார். தடங்கள் தாளில் வெள்ளையாக எழும்பி வந்தன.

"எலியா பாஸ்?"

"ஒரு பல் உடைஞ்ச எலி," என்றார் தீலன்.

அன்று அவர் சொன்ன கடைசி நகைச்சுவை அது.

* * *

கூலரை மாட்டிய இடம் கிஸ்பெர்ட்டின் பட்டறை. வண்டியைத் தூக்கும் லிஃப்ட் அங்கே மணிக்கணக்கில் வாடகை. வண்டியைக் கொண்டுவந்து ஏற்றி, தானே வேலை பார்த்துக்கொள்ளலாம். கிஸ்பெர்ட் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுற்றிவந்து எல்லோரையும் திட்டுவார். அந்தத் திட்டும் வாடகையில் சேர்த்தி.

"ஓட்மாரா? லூஸா விட்டாரா?" கிஸ்பெர்ட் பன்னைக் கடித்துக்கொண்டே தலையை ஆட்டினார். "ஏம்மா, நீ வேற வேலை இருந்தா பாரு."

"எங்களுக்கு இதான் வேலை. பன் தின்னுக்கிட்டே செய்ய விடமாட்டாங்க, அதான் வித்தியாசம்," என்றாள் மரைக்கே.

கிஸ்பெர்ட் சுவரைக் காட்டினார். கரும்பலகையில் பெரிய எழுத்தில்: அலுமினியத்துக்கு இரண்டு ஸ்பானர்.

"ஒண்ணு கழுத்தைப் பிடிச்சுக்கணும், ஒண்ணு நட்டைத் திருப்பணும். பிடிக்காம திருப்பினா கழுத்து முறுகிடும். அதை எழுதச் சொன்னதே ஓட்மார்தான். விபத்துக்கு முந்தின புதன்கிழமை அப்பனும் பிள்ளையும் இங்க அஞ்சு மணிநேரம் நின்னாங்க. பையன் திருப்ப, அப்பன் பிடிக்க. அப்புறம் மாத்தி, அப்பன் திருப்ப, பையன் பிடிக்க. கூலர் குடிக்கிற எண்ணெயைக் கணக்குப் பண்ணிக் கூட ஊத்தினாங்க. இருபது நிமிஷம் எஞ்சினை ஓட விட்டாங்க. ஓட்மார் டிஷ்யூ பேப்பரால நட்டைச் சுத்தித் துடைச்சுக் காட்டினார். ஒரு பொட்டு எண்ணெய் இல்ல. பையன் அந்தப் பேப்பருக்கு முத்தம் குடுத்தான்."

கொஞ்ச நேரம் பன்னை மெல்லாமல் வைத்திருந்தார்.

"கோடு போட்டது யாரு?" என்று கேட்டார் தீலன்.

"அப்பன்தான். மஞ்சள் அவரோடது. இங்க ஆளுக்கு ஒரு கலர்."

"அதுக்கப்புறம் வண்டியிலேருந்து எண்ணெய் சொட்டியிருக்குமா?"

"சொட்டாம? ஃபில்டரைக் கழட்டும்போது சிந்தினது அடித்தகட்டுல தேங்கி நிக்கும். மூணு நாளைக்கு ஒவ்வொரு சொட்டா விழும். அது கசிவே இல்ல. ஒரு அட்டையைப் போட்டுட்டு மறந்துடணும்னு எல்லார்கிட்டயும் சொல்வேன். அப்பனுக்குத் தெரியும், பையனுக்கும் தெரியும்."

தீலன் ரசீதை நீட்டினார். கிஸ்பெர்ட் பென்சில் தடத்தைப் பார்த்த வேகத்தில் முகம் சுளித்தார்.

"நீல நட்டுல இதையா போட்டாங்க? பல் வெச்ச ரெஞ்ச். எவனாவது இதை என் வாசலுக்குள்ள கொண்டுவந்தா கையை உடைப்பேன். இது கார்க்காரன் சாமானே இல்ல. இது வந்து..."

"தெரியும்," என்றார் தீலன். ரசீதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் மரைக்கே மூன்று முறை பேச்சை ஆரம்பித்துப் பார்த்தாள். நாலாவது முறை ஆரம்பிக்கவில்லை.

* * *

அலுவலகத்துக்குள் வந்ததும் தீலன் கோட்டைக் கழற்றாமலே ஹீட்டருக்கு முன்னால் மண்டியிட்டார்.

"பாஸ், அதுக்கு உடம்பு சரியாயிடுச்சு, விடுங்க..."

ரசீதைப் பிரித்துப் பித்தளை நட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். காலையில் விழுந்த கடி பளபளவென்று புதுசாக இருந்தது. ஐந்து பல். ஒரு இடைவெளி. மூன்று பல்.

மரைக்கே அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பல் தடங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். 

மணி பத்தேமுக்கால். ஜன்னலுக்கு வெளியே, சதுக்கத்தின் எதிர்ப்பக்கம், போலீஸ் ஸ்டேஷன் படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். தலையில் தொப்பி இல்லை. மழை ஒருவழியாகப் பெய்ய முடிவு செய்திருந்தது.

* * *

"ஓட்மார்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒதுங்கி இடம் விட்டார். தீலன் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் சதுக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பன்னண்டு மணிக்குத்தான் வரச் சொன்னாங்க. வீட்டுல உக்கார முடியல," என்றார் ஓட்மார்.

"எதுல கையெழுத்துப் போடப் போறீங்க?"

"நட்டை லூஸா விட்டேன்னு."

"நட் லூஸா இல்ல. யார்டுல பார்த்துட்டுத்தான் வரேன்."

 தீலன் ரசீதை எடுத்து முழங்காலில் வைத்தார். மழைத்துளி ஒன்று அதில் விழுந்தது. ஓட்மார் அதைத் தன் கையால் மூடினார், நனையாமல்.

"சனிக்கிழமை சாயங்காலமே யார்டுக்குப் போய்ப் பார்த்துட்டேன்," என்றார். "இந்தக் கடி எங்க வீட்டுல எல்லாக் குழாயிலயும் இருக்கு. கல்யாணமான வருஷம் எங்க முதல் வீட்டு ஹீட்டரைக் கழட்டும்போது உடைஞ்ச பல்லு. புதுசு வாங்கித் தரேன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். இதுதான் கைக்குப் பழகிடுச்சும்பா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சனிக்கிழமை காலையில ஒரு வீட்டுல குழாய் வெடிச்சிருச்சுன்னு அஞ்சரைக்கே கிளம்பினா. வாசல்ல வண்டிக்கடியில சொட்டு பார்த்திருப்பா. அட்டை போடணும்னு நான் வியாழக்கிழமையே நினைச்சேன். நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம்னு..." அவர் ரசீதை இன்னொரு கையாலும் மூடினார். "கூலர் எங்க இருக்குன்னு அவளுக்குக் காட்டினது யோரிஸ். வலையைக் கழட்டி, சின்ன வயசுல விழுந்த பல்லைக் காட்டுவானே, அந்த மாதிரி. அம்மா பாரு, அம்மா பாருன்னு."

தீலன் கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"அவ என்னை வெறுத்தா, வெறுத்துக்கிட்டே உயிரோட இருந்துடுவா. தங்கச்சி இருக்கா. வேலை இருக்கு. தன்னையே வெறுக்க ஆரம்பிச்சா எங்க போவா?"

"என்கிட்ட கேட்டது அவங்க. பதில் அவங்களுக்குத்தான் சொல்லணும்."

"பொய் சொல்லுங்க." ஓட்மார் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார். "பதினாறு வருஷம் ஊர் பொய்யெல்லாம் கேட்டவர்னு சொல்றாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லத் தெரியாதா?"

தீலன் எழுந்து நின்றார். ரசீதைத் திரும்ப வாங்கவில்லை. சதுக்கத்தைப் பாதி கடந்த பிறகு நின்று பார்த்தார். ஓட்மார் அதை நாலாக, எட்டாக மடித்துக்கொண்டிருந்தார்.

* * *

பதினொன்றேமுக்காலுக்கு ஹைட்ரூன் வந்தாள். இந்தத் தடவை உட்காரவில்லை.

"சொல்லுங்க."

தீலன் வார்த்தைகளை ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தார். "உங்க கணவர் எல்லாத்தையும் சரியாத்தான் செஞ்சிருக்கார். நட் இறுக்கமாத்தான் இருந்தது. நிபுணர் போட்டோவைத் தப்பாப் பார்த்துட்டார். கூலரோட கழுத்துல விரிசல். உலோகம் களைச்சுப் போயிருந்தது. யார் மேலயும் தப்பில்ல."

மரைக்கே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புது சாமான்," என்றாள் ஹைட்ரூன். "யோரிஸ் பெட்டியைப் பிரிச்சது எங்க சமையலறையில. மாட்டி மூணு நாள். மூணு நாள்ல எந்த உலோகமும் களைக்காது."

"சில சமயம்..."

"முப்பது வருஷமா நான் குழாயோடதான் இருக்கேன்." குரல் உயரவில்லை. "அப்புறம், நட் இறுக்கமா இருந்ததுங்கறீங்க. அதுவும் பொய். காலையில எப்படித் தெரியும்னு கேட்டீங்களே. நான் வாயைத் திறக்கல. அவரைக் காட்டிக் குடுக்கிற மாதிரி இருந்துச்சு. இப்பச் சொல்றேன். சனிக்கிழமை காலையில வண்டிக்கடியில மூணு சொட்டு கிடந்துச்சு. பையன் இதை எடுத்துட்டுப் போகப் போறானேன்னு வலையைக் கழட்டிட்டு நானே ரெஞ்சைப் போட்டேன். திருப்பினேன். திரும்பிச்சு. கால் சுத்து. இறுக்கமா இருந்த நட் எப்படித் திரும்பும்? அவர் லூஸாத்தான் விட்டிருந்தார். நான் சரிபண்ணினேன். ஆனா நான் பண்ணினது போதல, மறுபடி லூஸாயிடுச்சு. பதினோரு நாளா இதையேதான்..."

நிறுத்தினாள்.

 கீழே பேக்கரியில் கதவு மணி ஒலித்தது. யாரோ ரொட்டி வாங்கிக்கொண்டு போனார்கள்.

தீலனின் மௌனத்தை அவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். குழாய்க்குள் எங்கே கசிகிறது என்று காதை வைத்துக் கேட்கிறவளைப் போல.

"கோடு எந்தப் பக்கம் போயிருந்துச்சு?"

தீலன் பார்வையை ஹீட்டரின் பக்கம் திருப்பினார்.

"நீ சொல்லும்மா," என்றாள் மரைக்கேவிடம்.

மரைக்கேவின் கண்கள் நிரம்பியிருந்தன. "வலப்பக்கம்," என்றாள்.

"எவ்வளவு?"

மரைக்கே விரலால் காற்றில் கால் வட்டம் வரைந்து காட்டினாள்.

"இரும்பா இருந்தா திரும்பியிருக்காது," என்றாள் ஹைட்ரூன், தனக்குத்தானே. வேறு யாரோ செய்த வேலையைப் பார்வையிடுகிறவள் போலப் பேசினாள். "சுவத்துல பதிச்ச குழாயா இருந்தா சுவர் பிடிச்சுக்கும். அது அலுமினியம். நான் இன்னொரு கையால பிடிக்கல. கழுத்தைப் பிடிக்கவே இல்ல."

வலது கையைத் தூக்கிப் பார்த்தாள். திருப்பி, அதன் பின்பக்கத்தையும் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

இனி பொய் சொல்ல இடமில்லை. "சனிக்கிழமை சாயங்காலத்துலேருந்து," என்றார் தீலன்.

"பதினோரு நாளா?"

"ஆமா."

"நான் அவரைச் சமையலறைக்குள்ளயே விடல," என்றாள் ஹைட்ரூன். "சாப்பாட்டை மாடிப்படியில வெச்சேன். நாய்க்கு வெக்கிற மாதிரி. அவரும் எடுத்துச் சாப்பிட்டார். ஒரு வார்த்தை சொல்லல."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டுக்கு இன்னும் ஏழு நிமிடம். தொடைப்பையிலிருந்து சிவப்புப் பிடி போட்ட ரெஞ்சை எடுத்து மேசையில் வைத்தாள். சத்தம் வராமல், தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல வைத்தாள்.

"அந்த ஹீட்டர் நட்டை ஒரு வாரம் கழிச்சுப் பார்த்துக்கோங்க," என்றாள் வாசலில் நின்று. "நான் ஒழுங்காத்தான் பண்ணியிருக்கேன்னு நினைக்கிறேன்."

படிகளில் அவள் காலடி கேட்டது. நடுவில் ஒருமுறை நின்றது. வெகுநேரம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

தீலனும் மரைக்கேவும் ஜன்னலுக்குப் போனார்கள். கீழே அவளுடைய வேன் பேக்கரி வாசலில் இருந்தது. அவள் அதைத் தாண்டிப் போனாள். குடை இல்லாமல் சதுக்கத்தைக் கடந்தாள். மழையில் ஜாக்கெட்டின் எழுத்துகள் கறுத்துக்கொண்டே போயின.

"நாம தப்புப் பண்ணிட்டமா பாஸ்?" என்று கேட்டாள் மரைக்கே.

"பொய் சொன்னேன். அது நிக்கல," என்றார் தீலன். 

ஓட்மார் அவள் வருவதைப் பார்த்துப் படியிலிருந்து எழுந்தார். ஸ்டேஷன் கதவை நோக்கி வேகமாகத் திரும்பினார், அவள் வந்து சேர்வதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்பவரைப் போல. கதவின் பிடியில் கைவைத்துவிட்டு ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவள் தொடைப்பையைப் பார்த்தார். இருபத்தேழு வருடமாக அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சிவப்புப் பிடி அங்கே இல்லை.

கை கதவிலிருந்து நழுவியது. அவர் நின்ற இடத்திலேயே, நனைந்த படியில், பொத்தென்று உட்கார்ந்தார்.

ஹைட்ரூன் அவருக்கு முன்னால் போய் நின்றாள். இருவரும் என்ன பேசினார்கள் என்று ஜன்னலிலிருந்து கேட்கவில்லை. பேசினார்களா என்றே தெரியவில்லை. சற்று நேரம் கழித்து அவள் அதே படியில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு.

தேவாலயத்தில் பன்னிரண்டு அடிக்க ஆரம்பித்தது. ஸ்டேஷன் கதவு திறந்து, ஒரு போலீஸ்காரர் எட்டிப் பார்த்தார். ஓட்மாரின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். படியில் இருந்த இரண்டு பேரில் யாரும் திரும்பவில்லை. போலீஸ்காரர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, கதவை மெல்லச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

காட்டுப் பக்கமிருந்து ஒரு வண்டி வளைவில் வேகம் குறைத்து மறுபடி முடுக்கும் சத்தம் வந்தது. ஹைட்ரூன் தலையைத் திருப்பி, அது தேய்ந்து போகும் வரை கேட்டாள். ஓட்மார் இருவருக்கும் நடுவில் இருந்த அந்த இடத்தில் கையை வைத்தார். உள்ளங்கை மேலே பார்க்க, மழையில் திறந்து வைத்தார்.

ஜன்னலில் நின்ற இரண்டு பேரும் காத்திருந்தார்கள். 

கடைசி மணி அடித்து ஓய்ந்த பிறகு, ஹைட்ரூன் தன் வலது கையை எடுத்து அதன் மேல் வைத்தாள்.